பதினோராவது கேள்வி

பொரளையில் இறங்கும்போது
"பார்த்து மல்லி" என்றான் கொண்டக்டர்.
அவனுக்குப் பத்தொன்பது இருக்கும்.
எனக்கு இருபத்துநாலு, கழுத்தில்
கணக்காய்வு நிறுவனத்தின் அட்டை வேறு.

சிறுவர் ஆஸ்பத்திரியில் அழைத்திருந்தார்கள்.
ஊசி போட்டு வளர்ந்த பிள்ளைகள்
இப்போது மனதால் எப்படி இருக்கிறார்கள் என்று
ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம்.

சுவரில் அதே யானை.
அதே வாங்கு.
இந்த நகரத்தில் என் பாதம் முழுதாய்த் தரை தொடும்
ஒரே இருக்கை.

கேள்வி ஒன்று: கடந்த நான்கு கிழமைகளில்
உற்சாகமாக உணர்ந்தீர்களா?
எந்தக் கிழமை?
சம்பளம் வந்ததா,
சாருகேசியின் கல்யாணத்தில் படம் பிடித்தவன்
என்னைத் தோளில் தொட்டு
பூக்கூடைப் பிள்ளைகளோடு முன்வரிசையில் விட்டதா?
"சிலவேளை" கட்டத்தில் சரி போட்டேன்.

எட்டு வயதிலிருந்து பதினைந்து வரை
ஒவ்வொரு இரவும் செய்திக்கு முன்
தயிர்ச்சட்டிக்கும் சம்பல் போத்தலுக்கும் நடுவிலிருந்து
அம்மா அந்தப் பேனையை எடுப்பா.
ஒருநாள் வலத்தொடை, ஒருநாள் இடத்தொடை.
கரண்ட் போனால் வீடே ஓடும்.
ஜெனரேட்டர் வைத்திருந்த நிஸ்தார் நானா
சோடாக்களை ஒதுக்கி
எனக்கொரு மூலை தருவார்.
அப்பா இரண்டாவது ஷிஃப்ட் ஏற்றார்.
அக்காவின் சங்கிலி ஏழு வருடம் அடகில் கிடந்தது.

ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.
அதுதான் கனக்கிறது.
இத்தனை பேர் ஓடிய பிறகும்
கவலையாய் இருக்க எனக்கு உரிமை உண்டா?
இது படிவத்தில் இல்லை.

கடைசியாய் எடுத்த எக்ஸ்ரேயில் என் இடது கை.
வெளிச்சப் பலகையில் மாட்டி
"எலும்பு மூடியாச்சு" என்றார் டொக்டர்,
கடை மூடியதைச் சொல்வதுபோல.
"ஒரு அரை அங்குலமாவது?" என்றார் அப்பா.
பலகையின் வெளிச்சம் அணைந்தது.

பக்கத்தில் ஒரு தாய், மடியில் நம்பர் துண்டு.
"தம்பி, உங்களுக்கு எவ்வளவு கூடினது?"
"ஒன்பது சென்ரிமீற்றர்."
தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்,
விலை கேட்டபின் துணியைத் தடவிப் பார்ப்பவள்போல.
பிழையில்லை.
என் அம்மாவும் இதே வாங்கில்
யாரோ ஒருவனை இப்படித்தான் அளந்தா.
அவளுடைய பிள்ளை
யானையின் வாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

ஊசி போடாத ஒருவன் இருக்கிறான்.
அவன் உச்சந்தலை என் புருவத்தளவு.
நித்திரை வராத இரவுகளில்
கட்டில் விளிம்பில் வந்து இருப்பான்.
தொடையில் தழும்பில்லை, வீட்டில் கடனில்லை.
விதுர்சா அவனிடமும்
"நீ நல்ல ஃப்ரெண்ட்" என்றுதான் சொல்லியிருப்பாளா?
கேட்டால் சிரிக்கிறான்.
அவன் சந்தோசமாய் இருந்துவிட்டால்
இந்த ஒன்பதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேள்வி பதினொன்று: உயரம் காரணமாக
எங்காவது போவதைத் தவிர்த்தீர்களா?
ஒருபோதும் இல்லை. சிலவேளை. அடிக்கடி. எப்போதும்.

போகாத இடமில்லை.
போன இடமெல்லாம் முதலில் கதிரை தேடினேன்.
அலுவலக விருந்தில், காலிமுகத்திடல் கட்டில்,
செத்தவீட்டில்கூட.
இருந்தால் எல்லோரும் ஓரளவு ஒன்றுதான்.
இதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

செவ்வந்தி மிஸ் படிவத்தை வாங்கி
தன் தமிழில் மெல்லச் சொன்னாள்:
"ஓரத்தில எழுத ஏலாது. கம்பியூட்டர் எடுக்காது."
பிறகு தானே ஒருமுறை வாசித்தாள்.
அழிக்கவில்லை.

"உயரமும் எடுக்கணும். சப்பாத்து கழட்டுங்க."

குதி சுவரில். முதுகு சுவரில்.
பழக்கத்தில் கழுத்து தானாய் நீண்டது,
மூச்சு நெஞ்சில் நின்றது.
தலையில் பலகை வந்து தொட்டது.
நூற்றைம்பத்து நாலு தசம் ஆறு.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.
மூச்சை விட்டேன்.
பலகை கூடவே இறங்கியது,
தசம் நாலுக்கு.

இதை எழுதுங்கோ, மிஸ்.